ஒன்பது பி வகுப்புக்குக் கொடுத்த குடைகள்

பழவங்காடியில் குடை என்றால் பகவதிப்பெருமாள்தான். சந்தேகம் இருக்கிறவர்கள் தொண்ணூறுகளில் அந்தப் பக்கம் நடமாடிய யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வெளியே வருகிறவன் தலையில் ஒரு துளி மழை விழுந்தால், அடுத்து அவன் கால் வைக்கிற இடம் அவருடைய கடையாகத்தான் இருக்கும். தாழக்குடியில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்த ஆள். கிழக்கேகோட்டை நடைபாதையில் ஒரு தகரப்பெட்டி, ஒரு குறடு, கொஞ்சம் கம்பி. இவ்வளவுதான் ஆரம்பம். ஒடிந்த குடைகளை நிமிர்த்திக் கொடுத்தே அதே நடைபாதைக்கு எதிரில் சொந்தக் கடை போட்டார். ஒருத்தன் சிபாரிசு கிடையாது. மலையாளம் வாடிக்கைக்காரர்களின் வாயைப் பார்த்துப் படித்தது. கணக்கு விரலில் படித்தது. பி.ஏ. படித்தவனெல்லாம் அவர் கடையில் வந்து, "முதலாளி, எது நல்ல குடை?" என்று கேட்டுத்தான் வாங்கிப் போனான்.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. நடைபாதைக் காலத்தில் ஒரு நாள் சாலைச் சந்தையின் சுமட்டுக்காரன் ஒருவன் மூட்டையோடு நடுரோட்டில் விழுந்து வலிப்பில் துடித்தான். கூட்டம் வேடிக்கை பார்த்தது. பகவதிப்பெருமாள் பாய்ந்து போய்க் கையிலிருந்த குடைத்தண்டை அவன் உள்ளங்கையில் திணித்தார். கொஞ்ச நேரத்தில் துடிப்பு அடங்கி, அவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். "இரும்பு கையில ஏறணும், அவ்வளவுதான். பொறவு எந்த வலிப்பும் நின்னுரும் பாத்துக்கோ," என்று அந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. ஒற்றை மகன் சுஜித் படிக்க வேண்டும். கடைப்படியில் கால் வைக்கத் தேவையில்லாத அளவுக்குப் படிக்க வேண்டும். பையனும் சொல்லிச் சொல்லிப் படிக்க வைக்கிற ரகமல்ல. எட்டாம் வகுப்பில் கணக்கில் அவன்தான் முதல்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில் ஒரு நாள் காலை, அசெம்பிளியில் பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும்போது, சுஜித் வரிசையிலிருந்து அப்படியே சாய்ந்தான். கை கால் வெட்டி இழுத்தது. பள்ளிக்கூடம் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. பியூன் ஓடி வந்து இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். பையன் கண் திறந்தபோது கால்சட்டை நனைந்திருந்தது. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் எல்லாம் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னார். மறுபடி விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், சுற்றிக் கூட்டம் போடக் கூடாது, கையிலோ வாயிலோ எதையும் திணிக்கக் கூடாது.

"அப்போ இரும்பு?" என்று கேட்டார் பகவதிப்பெருமாள்.

"இரும்பும் வேண்டாம், சாவியும் வேண்டாம். அது தன்னாலதான் நின்னுது."

தலையை ஆட்டிவிட்டு வந்தார். படியிறங்கும்போது மனைவி வடிவாம்பாளிடம் சொன்னார்: "சின்னப் பொண்ணு. நான் ரோட்டுல கண்ணால கண்டதை இவ புஸ்தகத்துல கண்டிருக்கமாட்டா."

ஆனால் பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ஆரியசாலையில் வீட்டின் பின்னறைதான் அவன் உலகம். பகவதிப்பெருமாள் முதலில் சத்தம் போட்டார். பிறகு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். அது வராந்தாவில் நின்றது. அவருடைய ஆயுளில் வியாபார நேரத்தில் கடையை அடைத்ததில்லை. அந்தப் பங்குனியில் மத்தியானங்களில் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மகனுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் இரண்டு பேரும் சீட்டு விளையாடினார்கள். எந்தத் தகப்பன் செய்வான் இதை? பரீட்சையும் வந்து போனது. அரையாண்டு மார்க்கைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புக்கு ஏற்றுகிறோம், ஜூனில் அனுப்புங்கள் என்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது.

மே மாதம் ஒரு சாயங்காலம் சங்குமுகம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்த பையன் திடீரென்று சொன்னான்:

"நான் போறேன்ப்பா. ஆனா ஒரு காரியம் உண்டு."

"சொல்லு மக்கா. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். அதாக்கும் காரியம். நீங்க ஸ்கூலுக்கு வரப்பிடாது. ஒருத்தர்ட்டயும் என் தீனத்தைப் பத்திப் பேசப்பிடாது."

"பேசாட்டா எப்படி டே? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்களுக்குத் தெரியண்டாமா?"

"எல்லாம் தெரியும். கண்ணால பாத்தானுவ. இப்பம் லீவுல மறந்திருப்பானுவ. மறந்தது மறந்ததாவே இருக்கட்டும். நீங்க போயி ஓர்மைப்படுத்தண்டாம்."

"செரி."

"சத்தியமா?"

"நம்ம பிள்ளையார் மேல சத்தியம். நான் அந்த வாசல்ல கால் வைக்கமாட்டேன்."

பையன் அதற்குப் பிறகுதான் கடலையை உரித்துத் தின்றான். அவருக்கும் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தான். மாதக்கணக்கில் நெஞ்சில் இருந்த கல் இறங்கினாற்போல் இருந்தது பகவதிப்பெருமாளுக்கு.

ஆனால் சும்மா இருப்பது அவருடைய ஜாதகத்திலேயே கிடையாது. சும்மா இருந்திருந்தால் நடைபாதையிலேயே இருந்திருப்பார். ராத்திரி படுத்தால் கண்ணுக்குள் மகன் விழுந்துகொண்டே இருந்தான். படிக்கட்டில் விழுந்தான், மைதானத்தில் விழுந்தான், சுற்றிலும் பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு நின்றார்கள், ஒரு துண்டு இரும்பு கிடையாது. பியூனும் சாவிக்கொத்தும் எல்லா இடத்துக்கும் ஓடி வர முடியுமா? இதை யோசித்து யோசித்து ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருக்கும்போது விடை கிடைத்தது. மேலே உத்தரத்தில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஜூன் மாதம் திருவனந்தபுரத்தில் எந்தப் பிள்ளை கையில் குடை இல்லாமல் பள்ளிக்கூடம் போகிறது? இடவப்பாதி மழை விடுமா?

ஒன்பது பி வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு குடை. இரும்புத்தண்டு வைத்த குடை. மகன் எங்கே விழுந்தாலும் எட்டுகிற தூரத்தில் இரும்பு இருக்கும். படித்த தகப்பன்மார் எத்தனை பேருக்கு இந்த மூளை வரும்?

கடையின் பின்பக்கம் குடை கட்டுகிறவர் நேசமணி. பாறசாலைப் பக்கத்து ஆள். நடைபாதைக் காலத்திலிருந்தே கூட இருக்கிறவர் என்பதால் முதலாளியிடம் வாயடக்கம் கிடையாது.

"மொதலாளி, இந்தக் காலத்துப் பிள்ளைய பட்டனை அமுக்குனா படக்குன்னு விரியணும்னு கேக்குவு. மூணா மடங்கிப் பைக்குள்ள போவணும். நீங்க என்னன்னா வயசாளிமாரு ஊணிட்டு நடக்க நீளக் காலன்குடையைக் கெட்டச் சொல்லுதிய. பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைய பென்சன் வாங்கப் போற மாதிரி இருக்கும்."

"நீ கெட்டு வே. தண்டு இரும்பா இருக்கணும். அலுமினியத்தைச் சொருகினேருன்னா உம்மைத் தூக்கி வெளிய போட்டுருவேன்."

"என்னைத் தூக்க நாலு பேரு வேணும். அதுக்கும் நீங்கதான் கூலி குடுக்கணும்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கம்பி கோத்தார்கள். நேசமணி தலை நிமிராமல் சொன்னார்:

"எனக்கு மனசிலாவாமலில்ல. கைக்கு இரும்பு எட்டணும், அதானே? எனக்க தங்கச்சிக்கும் இந்தத் தீனம் உண்டும். ஒருக்கா விழுந்தப்பம் கையில அரிவாளைப் பிடிச்சுக் குடுத்தாங்க. அவளுக்க ரெண்டு விரலு போச்சு, மொதலாளி."

"அரிவாளைக் குடுத்தா விரலு போவாம என்ன செய்யும்? குடையைக் குடுத்தா என்ன போவும்?"

நேசமணி பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை ஷீஜா டீச்சர் குடை வாங்கக் கடைக்கு வந்தார். ஒன்பது பி வகுப்பு டீச்சர் அவர்தான். பகவதிப்பெருமாள் சத்தியத்தை மீறினார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம்தான் அவரைத் தேடி வந்தது. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்து, விஷயத்தைச் சொன்னார்.

"எல்லா குட்டிகளுக்குமா? அய்யோ, எதினா முதலாளி இதெல்லாம்?"

"நம்ம சந்தோஷம் டீச்சரே. பாவப்பட்ட பிள்ளையளும் இருக்குமில்லையா? நீங்க அவங்கள்ட்ட ஒண்ணே ஒண்ணு பறஞ்சு வச்சா போதும். சுஜித் விழுந்தா உடனே குடையை எடுத்துக் கையில குடுக்கணும்."

டீச்சர் தயங்கினார். "அதினால பிரயோஜனம் உண்டோ? எனக்குத் தெரியலையே."

"நான் கண்ணால கண்டவன். நடுரோட்டுல ஒரு ஆளை எழுப்பி உக்கார வச்சவன்."

அவ்வளவு உறுதியாக ஒருத்தர் சொல்லும்போது யார்தான் மறுத்துப் பேசுவார்கள்? நனைந்துகொண்டு வருகிற பிள்ளைகள் வகுப்பில் பலர் என்பதும் டீச்சருக்குத் தெரியும். "சுஜித்துக்குத் தெரியுமோ இது?" என்று மட்டும் கேட்டார்.

"அவனுக்கு ஒண்ணும் அறியண்டாம். அவன் புதன்கிழமைதான் வருவான். அதுக்கு முன்னால நீங்க பிள்ளையளைப் பிடிச்சு உறப்பாச் சொல்லிரணும். அவன்கிட்ட மூச்சு விடப்பிடாதுன்னும் சொல்லிரணும்."

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. பையன் அன்றைக்கே போக வேண்டும் என்றான். பகவதிப்பெருமாள் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துவிட்டார். திங்கள் நாள் சரியில்லை, செவ்வாயில் புதுக் காரியம் தொடங்குகிற வழக்கம் இல்லை, புதன்தான் உத்தமம். கடை திறந்ததும் புதனில்தான், பார்த்தாயா எப்படி வளர்ந்திருக்கிறது என்றார். அதற்கு மேல் பையனால் என்ன பேச முடியும்?

புதன்கிழமை கொட்டுகிற மழையில் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் வண்டியேற்றிவிட்டு வந்தார். அன்றைக்குக் கடையில் திருவிழாக்கூட்டம். ஒரு பெண்மணி சிவப்புக் குடை கேட்டால் கறுப்பை எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் பையன் நனைந்த பையோடு கடைவாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"எப்படி டே?"

"கொள்ளாம்ப்பா."

நன்றாக இருந்தது என்கிற அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கணபதிக்கு ஒரு கூடை தேங்காய் உடைத்தார்.

அந்த ஜூன் மாதம்தான் அந்த வீட்டின் பொற்காலம். பையன் சாப்பாட்டு நேரத்தில் வாயை மூடுவதில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். நடு பெஞ்சில் இடம் வைத்திருந்தார்களாம். மத்தியானச் சாப்பாட்டைப் பங்கு வைக்கிறார்களாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு பட்டாளமே கூட வருகிறதாம். வகுப்பெல்லாம் நம் கடைக் குடையாக இருக்கிறதே என்று கேட்டான். டீச்சர் மொத்தமாக ஆர்டர் கொடுத்தார்கள் என்று சொல்லிவைத்தார். அதையும் நம்பினான்.

"இந்த லிஜோ இருக்கானே, அவனுக்குக் கிறுக்காக்கும் அம்மா," என்றான் ஒரு நாள். "குடையைக் கையை விட்டு எறக்க மாட்டேங்கான். பி.டி. பீரியடுல வெயிலடிக்கி, அப்பவும் கையில குடை. கக்கூசுக்கு வந்தாலும் குடை. நான் கேட்டேன், ஒனக்கு அதுகூட கல்யாணமாடேன்னு."

சொல்லிவிட்டுச் சோறு புரையேறுகிற மாதிரி சிரித்தான். ஜனவரிக்குப் பிறகு அந்த வீடு கேட்ட முதல் சிரிப்பு. பகவதிப்பெருமாளும் சேர்ந்து சிரித்தார். வடிவாம்பாள் சிரிக்கவில்லை. பையன் கை கழுவப் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"கேட்டேளா, அவன்கிட்ட நாமளே சொல்லிருவோம். வேற யாரும் சொல்லி அவன் கேக்கப்பிடாது."

"போடி போ. ஓடுற வண்டிக்குக் குறுக்க கட்டை போடாதே. போறான்லா? சிரிக்கான்லா? இது யாரு செஞ்சது?"

ஜூலையில், மழை கொஞ்சம் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், மத்தியான இடைவேளையில், வகுப்பறையிலேயே சுஜித் விழுந்தான்.

பிள்ளைகள் ஒருத்தர்கூட ஓடவில்லை. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. ஒன்பது பி வகுப்பு, டீச்சர் சொல்லி வைத்ததை ஒரு சொல் பிசகாமல் செய்தது. நாலு பக்கமும் இருந்து குடைகள் வந்தன. லிஜோதான் முதலில் குனிந்து, இறுகிக் கிடந்த விரல்களைப் பிரித்துத் தன் குடைத்தண்டை உள்ளே வைத்தான். விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன. பிறகு கை வெட்டியது. காலன்குடையின் இரும்பு முனை லிஜோவின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. இன்னொரு கைக்கு இன்னொரு குடையைக் கொடுத்தவனுக்கு உதடு வீங்கியது. அப்போதும் அவர்கள் விடவில்லை. இரும்பு போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைக்கு போன் வந்தது. பகவதிப்பெருமாள் செருப்பைப் போட மறந்து ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு பையன்கள். சுஜித் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். லிஜோவின் ஒரு கண் கட்டுக்குள் இருந்தது. சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு விரற்கடை தப்பிவிட்டது என்றார்கள். லிஜோவின் அப்பா சத்தியதாஸ் பஸ் கண்டக்டர். டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே வந்து நின்றிருந்தார். பகவதிப்பெருமாளைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, "ஒங்க பையனுக்கு இப்பம் எப்படி இருக்கு?" என்பதுதான்.

டாக்டர் கோபமாக இருந்தார். "யாரு இந்தப் பிள்ளைகள்ட்ட இரும்பைக் கையில கொடுக்கச் சொன்னது? கண்ணு போயிருந்தா யாரு பதில் சொல்லுவாங்க?"

லிஜோ ஷீஜா டீச்சரைப் பார்த்தான். டீச்சர் பகவதிப்பெருமாளைப் பார்த்தார். சத்தியதாஸும் அவர் பக்கம் திரும்பினார். எத்தனையோ பேர் முன்னால் மார் நிமிர்த்திப் பேசிய மனிதர். போலீஸ்காரன் நடைபாதைப் பெட்டியை எட்டி உதைத்தபோதும் பதில் சொன்ன வாய் அது. அந்த இடத்தில் அந்த வாய் சொன்னது இதுதான்:

"பிள்ளையளுக்குத் தெரியாதுல்லா டாக்டர். எங்கேயோ கேட்டதை வச்சுச் செஞ்சிருக்கும்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். சுவர்ப் பக்கம் படுத்திருந்த சுஜித்தின் முதுகு அசைந்தது. அவன் தூங்கவில்லை.

பகவதிப்பெருமாள் வெளியே போகும்போது லிஜோ கட்டிலிலிருந்தே அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து மெல்லக் கேட்டான். பயந்த குரல். "அங்கிளே, ஞங்ஙள் இரும்பு கொடுத்ததல்லே? பின்னே எந்தா நிக்காஞ்ஞது?" நாங்கள்தான் இரும்பு கொடுத்தோமே, அப்புறம் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறான் பிள்ளை. அவர் அவன் தலையைத் தடவினார்.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் மழைச் சாரலுக்குத் தார்ப்பாய் படபடத்தது. பையன் பாதி தூரம் போன பிறகு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்:

"ஆஸ்பத்திரிக்கு ஜீப்புல வரும்போதே லிஜோ சொல்லிட்டான். நான் வர்றதுக்கு முந்தியே டீச்சர் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தாங்களாம். குடையும் நீங்க குடுத்ததாம்."

"உன் நல்லதுக்காக்கும் மக்கா..."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அவனுவளுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். அதான் கூடவே நடக்கானுவன்னு."

"பிடிக்காமலா டே அவ்வளவும் செஞ்சான்?"

"நீங்க செய்யச் சொன்னதை அவனுவ செஞ்சானுவ. கடைசில எல்லாத்தையும் அவனுவ தலையில வச்சிட்டீங்க."

அதற்கப்புறம் அவன் பின்னறைக்குப் போனான். சாப்பாட்டை வடிவாம்பாள் வாசலில் வைத்தாள். பாதியும் அப்படியே திரும்பி வந்தது. "இனி போகமாட்டேன்" என்றுகூட அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருக்கலாம்.

பகவதிப்பெருமாள் அந்த வாரம் தேய்ந்துபோனார். கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதைச் சரி செய்துவிட்டால் தீர்ந்தது. குடையானாலும் அப்படித்தான், வியாபாரமானாலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பஞ்சாங்கத்தைத் தொடாமல், சரியான ராகுகாலத்தில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஷீஜா டீச்சரிடம் அனுமதி கேட்டு ஒன்பது பி வகுப்பின் முன்னால் நின்றார். ஒன்பதாம் வகுப்பு என்ற ஒன்றை உள்ளே போய் அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதுவும் பெஞ்சில் அல்ல, கரும்பலகைக்கு முன்னால்.

"மக்களே, நான்தான் டீச்சர்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரியில நான் சொன்னது பொய். நீங்க ஒரு தப்பும் செய்யல்ல. தப்பு எனக்குள்ளது. இரும்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவன் விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சா போதும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் வேட்டி நனைகிற மாதிரி வியர்த்துவிட்டது. ஆயுளில் ஒருத்தனிடம் மன்னிப்பு என்று கேட்டதில்லை. பிள்ளைகளிடம் கேட்டுவிட்டார். புருவத்தில் பிளாஸ்திரியோடு லிஜோ எழுந்து, "சுஜித் எப்போ வரும் அங்கிளே?" என்றான். "திங்களாழ்ச்ச வரும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. இதைச் செய்ய எத்தனை தகப்பனுக்குத் தைரியம் வரும்?

நேரே வீட்டுக்கு வந்து பின்னறைக் கதவைத் தட்டி, நடந்தது அத்தனையும் சொன்னார். லிஜோ எழுந்து கேட்டதையும் சொன்னார்.

பையன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"ஸ்கூலுக்கே போனீங்களா?"

"பின்னே தப்பைச் சொல்லண்டாமா டே?"

"மறுபடியும் என் தீனத்தைப் பத்திப் பேசினீங்க. கிளாஸ் மொத்தத்துக்கும் முன்னால. விழுந்தா எப்படிப் படுக்க வைக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்க." அவன் கத்தவில்லை. "நான் ஒண்ணே ஒண்ணுதான்ப்பா கேட்டேன்."

பகவதிப்பெருமாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உண்மைதான். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் மற்றதெல்லாம் கொடுத்திருந்தார்.

மறுநாள் காலை பையன் அம்மாவிடம் சொன்னான், நாகர்கோவிலில் மாமா வீட்டிலிருந்து படிக்கிறேன் என்று. அங்கே அவனை யாருக்கும் தெரியாது. தமிழில் படிக்க வேண்டும். மலையாளத்தில் எட்டு வருஷம் படித்த பையனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். பரவாயில்லை, படித்துக்கொள்வேன் என்றான். வடிவாம்பாளின் தம்பி அணஞ்சபெருமாள் வந்து, பள்ளிக்கூடத்தில் பேசி, காரியங்களை முடித்தார். கார்டியன் என்று அவரே கையெழுத்துப் போட்டார். அப்பா வரவேண்டியதில்லை என்று பையன் சொல்லியிருந்தான்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மட்டும் வரலாம் என்று அனுமதி. பையன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். பகவதிப்பெருமாள் மைத்துனனின் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார்.

"வே, அணஞ்சபெருமாளு, ஒரு காரியம். அங்க ஹெட்மாஸ்டரைப் பாத்து ரகசியமா..."

நிமிர்ந்தபோது ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை செய்கிறாரா என்று பார்க்கிற பார்வை.

"என்ன அத்தான்? ரகசியமா என்ன?"

"ஒண்ணும் இல்ல வே. பாத்துப் போங்க."

வண்டி கிளம்பியது. பையன் கை காட்டினான் என்றுதான் அவர் வடிவாம்பாளிடம் சொன்னார்.

பையன் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டான். அவர் ஆசைப்பட்டது அதுதானே. கடையில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால், "நாகர்கோவில்ல படிக்கான்," என்று சொல்லிவிட்டு அடுத்த குடையை விரித்துக் காட்டுவார். சாயங்காலம் கடையடைத்ததும் முக்கிலுள்ள எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மைத்துனனைக் கூப்பிடுவார்.

"போறானா?"

"போறான் அத்தான்."

"ஒடம்பு எப்படி இருக்கு? கூட்டுக்காரனுவ உண்டா? மறுபடி ஏதாவது வந்துதா?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் கேட்கும். அதன் நடுவே பையன் குரல்போல ஒன்று கேட்டு நின்றுவிடும்.

"போறான்னு மட்டும் சொன்னா போதும்னு சொல்லியிருக்கான் அத்தான். வேற ஒண்ணும் சொல்லப்பிடாதாம்."

"செரி," என்பார் பகவதிப்பெருமாள்.